சபையில் ஒருவர் பாவத்தில் விழுந்துவிட்டால்: மலையக விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், கொட்டகலை, மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வீட்டு ஜெபம் முடிந்ததும் எல்லோருக்கும் சாயத் தண்ணி (பால் போடாத தேநீர்) வரும். குடித்துவிட்டு மற்றவர்கள் இறங்கிப் போன பிறகு, செருப்பைத் தேடுவது போல வாசலில் நின்று ஒருவர் மெல்லக் கேட்பார்: "அண்ணே, ஒரு விசயம்…" கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை அப்படி வந்தவை. நான் போதகர் அல்ல. ஞாயிறு பாடசாலை எடுக்கிறேன். வீடு வீடாகப் போய் ஜெபிக்கிறேன். யாரையும் அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே வைக்கவில்லை. கத்தோலிக்கரோ, அங்கிலிக்கனோ, மெதடிஸ்தரோ, பெந்தெகொஸ்தேயோ, கேள்விகள் எல்லா இடத்திலும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

எங்கள் சபையில் ஒருவர் ஒளித்துக் குடிக்கிறார். எனக்கு மட்டும்தான் தெரியும். முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்?

அவரிடம். மத்தேயு 18:15இல் இயேசு "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்று சொல்லியிருக்கிறார். அவர் கேளாமல் போனால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போவது அடுத்தது. சபைக்குச் சொல்வது கடைசி. நாம் பெரும்பாலும் கடைசியிலிருந்து தொடங்குகிறோம்.

லயத்தில், தோட்டத் தொழிலாளரின் அந்த வரிசை வீடுகளில், தனிமைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 10 அடிக்கு 12 அடி காம்பரா. பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். தண்ணி பிடிக்கிற பீலியடியிலும் பேச முடியாது, வாசல் இஸ்தோப்பிலும் பேச முடியாது. எனக்குத் தெரிந்து நடைதான் சரிவருகிறது. அவர் டவுனுக்குச் சாமான் வாங்கக் கிளம்பும்போது "இருங்க, நானும் வர்றேன்" என்று கூடப் போங்கள். சேர்ந்து நடக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. வெட்கப்படுகிறவருக்கு அது பெரிய உதவி.

எப்படி ஆரம்பிக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். "நீங்க குடிக்கிறீங்களாமே" என்று ஆரம்பித்தால், அந்த "ஆமே"யிலேயே ஊர் முழுவதும் வந்து அவர் முன்னால் நின்றுவிடும். "கொஞ்ச நாளா உங்க நினைப்பாவே இருக்கு. வீட்டுல எப்படி, உடம்பு எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். அன்றைக்கே எல்லாம் வந்துவிடும் என்றில்லை. இரண்டாம் நடையிலோ மூன்றாம் நடையிலோ வரும்.

கலாத்தியர் 6:1 ஒருவன் குற்றத்தில் அகப்பட்டால் "சாந்தமுள்ள ஆவியோடே அப்படிப்பட்டவனைச் சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்கிறது. கிரேக்கத்தில் அங்கே இருக்கும் வினைச்சொல்தான், யாக்கோபும் யோவானும் படகில் உட்கார்ந்து வலையைப் பழுதுபார்த்ததைச் சொல்லும் இடத்திலும் இருக்கிறது. கடல் நமக்குத் தூரம்; கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு தைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கிழிசலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சுற்றியுள்ள இழை தாங்குமா என்று தடவிப் பார்த்து, பிறகுதான் ஊசி இறங்கும். அவசரப்பட்டு இழுத்தால் பக்கத்தில் இன்னொரு கிழிசல். அதே வசனம் "நீயும் சோதிக்கப்படாதபடிக்கு உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு" என்று முடிவதை மறக்க வேண்டாம்.

பெயரைச் சொல்லாமல் ஜெபக் குறிப்பாகக் கொடுக்கலாமா? நல்ல எண்ணத்தோடுதானே?

அவராகக் கேட்டால் ஒழியக் கொடுக்காதீர்கள். இதை நான் செய்த தப்பிலிருந்து சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு எங்கள் சபையில் பொறுப்பிலிருந்த ஒருவர், நல்ல பாடகர், சம்பள நாளில் டவுனிலேயே தங்கிவிட ஆரம்பித்தார். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில், யாருக்காக ஜெபிக்கலாம் என்று கேட்டார்கள். நான் பெயரைச் சொல்லவில்லை. "நம்ம சபையில முன்னால நின்னு பாடுற ஒரு சகோதரன். குடியிலிருந்து கர்த்தர் அவரை விடுவிக்கணும்" என்றேன். எங்கள் சபையில் முன்னால் நின்று பாடியவர்கள் இரண்டே பேர்; அதில் ஒருவர் பெண். கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தேன். திறந்தபோது கதவோரம் அவருடைய மனைவி நின்றிருந்தார். பிந்தி வந்திருக்கிறார். மழைக்குத் தலையில் போட்டுவந்த பொலித்தீனை மடித்து, மறுபடி மடித்து, உள்ளங்கைக்குள் அடங்கும் வரை மடித்துக்கொண்டிருந்தார். சாயத் தண்ணி வருவதற்குள் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை. "நீங்க சொன்னது பொய்யில்ல அண்ணே. அத எங்க வீட்டுல வந்து சொல்லியிருக்கலாம்" என்றார். பிறகு சம்பலோடு எனக்கும் ஒரு ரொட்டி வைத்தார். எனக்கு இறங்கவில்லை. கணவர் அதற்குள் சபைக்கு வருவதை நிறுத்தியிருந்தார். குடித்துக்கொண்டிருந்தபோதும் வந்துகொண்டிருந்தவர், நான் ஜெபித்த பிறகு நின்றுவிட்டார்.

அந்த இரவை நான் எத்தனையோ தரம் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அந்த ஜெபத்தில் பாரம் இருந்தது உண்மை. அவரைவிட நான் மேல் என்ற ஒரு சுகமும் இருந்தது, அதுவும் உண்மை. லூக்கா 18இல் பரிசேயன் "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால், உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்று சொன்னது சந்தையில் நின்று அல்லவே, ஆலயத்தில், ஜெபத்தில். ஜெபத்துக்குள் வந்து உட்காரும் பெருமையைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் அப்போது நம் கண் மூடியிருக்கிறது.

பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டுமானால் கதவைப் பூட்டிக்கொண்டு தனியாக ஜெபியுங்கள். எப்படிப் பேசுவதென்று தெரியவில்லையா, போதகர் ஐயாவிடமோ பாதரிடமோ மட்டும் யோசனை கேளுங்கள். அங்கேயும் தேவையானதைத் தாண்டிச் சொல்ல வேண்டாம்.

நானும் பாவிதான். "நான் யார் கேட்க?" என்று பேசாமல் இருந்துவிடுவதுதானே தாழ்மை?

மலையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும்போது கூடை முதுகில் தொங்கும், கயிறு தலையில் இருக்கும். கை முன்னால் பறித்துத் தோளுக்கு மேலே பின்னால் போடும். முன்னே போகிறவருடைய கூடையில் முத்தல் இலை கிடந்தால் நமக்குத் தெரியும். நம் கூடையில் என்ன கிடக்கிறது என்று கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கொட்டும்போதுதான் தெரியும்.

4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் ஸ்கேத்தே பாலைவனத்தில் மோசே என்றொரு துறவி இருந்தார். துறவியாகும் முன் கொள்ளைக்காரர். அங்கே ஒரு சகோதரர் தப்புச் செய்துவிட, விசாரிப்பதற்கு எல்லோரும் கூடி இவரையும் கூப்பிட்டார்கள். இவர் போகவில்லை. மறுபடி ஆள் வந்ததும், ஓட்டைக் கூடையில் மணலை நிரப்பி முதுகில் போட்டுக்கொண்டு நடந்தார் (ஒழுகும் ஜாடி என்றும் இந்தக் கதையைச் சொல்வார்கள்). இது என்ன என்று கேட்டவர்களிடம், என் பாவங்கள் எனக்குப் பின்னால் கொட்டிக்கொண்டே வருகின்றன, அவற்றை நான் பார்க்கவில்லை; இன்னொருவனை நியாயந்தீர்க்க வந்திருக்கிறேன் என்ற பொருளில் பதில் சொன்னாராம். அந்தச் சகோதரரை மன்னித்துவிட்டார்கள்.

எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். ஆனால் இதைச் சொல்லியே தப்பித்துக்கொள்கிறவர்களையும் பார்க்கிறேன். மத்தேயு 7இல் உத்திரத்தையும் துரும்பையும் பற்றிய வார்த்தை, உன் கண்ணிலிருப்பதை எடுத்த பின்பு சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்றுதான் முடிகிறது. துரும்பு எடுக்கப்பட வேண்டியதுதான். கண் எரிந்துகொண்டிருக்கிற மனிதன் அவன். நாம் வாயைத் திறக்காததற்குத் தாழ்மை என்று பெயர் வைக்குமுன், அவர் நமக்குக் கைமாற்றுக் கொடுத்தவரா, தொழிற்சங்கத்தில் பெரிய ஆளா, பெண் கட்டின வீடா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்வது நல்லது. பயத்துக்கும் தாழ்மைக்கும் வெளியே ஒரே முகம்தான்.

எல்லோருக்கும் தெரியும்படியே ஒருவர் தப்புச் செய்கிறார். அப்போதும் தனியாகத்தான் பேச வேண்டுமா?

எப்போதும் இல்லை. அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். மற்ற யூதர்களும் விலகினார்கள், பவுலின் உடன் ஊழியர் பர்னபாவே இழுபட்டார். பவுல் அதை எல்லோருக்கும் முன்பாகக் கேட்டார் (கலாத்தியர் 2:11-14). யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுதான் அங்கே பிரச்சினை.

நம் சபைகளில் இந்தப் பகுதியை வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணிமார் ஊர், உறவு, சாதி என்று பார்த்துத்தான் நம் முன்னோர்களைச் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். பல தோட்டங்களில் லயமும் அப்படியே பிரிக்கப்பட்டது. இன்றைக்கு ஒரே பாத்திரத்திலிருந்து திருவிருந்து எடுத்துவிட்டு, கல்யாணப் பேச்சு வந்ததும் "அவங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிற மூப்பர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி காயப்படுத்துகிறவர் பெரும்பாலும் அதே அறையில் உட்கார்ந்திருப்பார். கேள்வி எல்லோர் முன்னாலும் வந்தது. அது தப்பு என்ற வார்த்தையும் அங்கேயே, அவர் காதில் விழும்படி வர வேண்டும்.

அதைச் சொல்லும்போது நம் வீட்டிலிருந்து தொடங்குங்கள். என் கல்யாணப் பேச்சிலும் இதே கேள்வி கேட்கப்பட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது பேசும்போது முதலில் அதைத்தான் சொல்கிறேன்.

கணவர் சபையில் பெயர் பெற்றவர், வீட்டில் அடிக்கிறார். "பொலிசுக்குப் போகாதே, சாட்சி கெட்டுவிடும்" என்கிறார்கள்.

போங்கள், சகோதரி. சாட்சியைக் கெடுத்தவர் அடித்தவர்தான்.

தனியாகப் போய்ப் பேசு என்ற மத்தேயு 18ஐ, அடி வாங்கினவர் அடித்தவர் முன்னால் தனியாகப் போய் நிற்பதற்குக் கொடுக்கிற ஆலோசனையாக யாரும் பயன்படுத்தக் கூடாது. தாவீது ராஜாவின் மகள் தாமாருக்கு இன்னொரு சகோதரனாலேயே அநியாயம் நடந்தபோது அவளுடைய அண்ணன் சொன்னதும் இதே வார்த்தைதான்: மவுனமாயிரு, அவன் உன் சகோதரன் (2 சாமுவேல் 13:20). தாவீது கோபப்பட்டார், ஒன்றும் செய்யவில்லை. அந்த வீட்டில் பிறகு ஓடிய இரத்தத்தை நாம் வாசித்திருக்கிறோம்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பிள்ளைகளுக்கு எதிராக எது நடந்தாலும் 1929. பிள்ளைகள் விசயத்தில் சபைக்குள் விசாரித்து முடித்துக்கொள்வது என்ற பேச்சுக்கே இடமில்லை, செய்தவர் யாராக இருந்தாலும்.

மற்றவர்கள் தாழ்மையாக நடந்துகொள்ள வேண்டிய இடம் இங்கே ஒன்று உண்டு. அடி வாங்கினவர் சொல்வதை நம்புங்கள். "நாங்க கவனிக்காம விட்டுட்டோம்" என்று சொல்லுங்கள்.

காணிக்கைப் பணம் குறைகிறது. ஒருவர்மேல் சந்தேகம்.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு பேசாதீர்கள், கணக்கை வைத்துக்கொண்டு பேசுங்கள். எருசலேமுக்கான உதவிப் பணத்தைக் கொண்டுபோனபோது பவுலே தனியாகப் போகவில்லை. யாரும் குற்றஞ்சாட்ட இடமிருக்கக் கூடாது என்று கூட ஆட்களை வைத்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:20-21). இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு எழுதிவைக்கிற சபையில் பாதிப் பிரச்சினை வராது. எடுத்தது உறுதியானால் திருப்பிக் கட்டத்தான் வேண்டும். ஆனால் வீட்டில் வாராவாரம் வசூலிக்கிற கிழமைக் கடன்காரன் வந்து நிற்கிறானா, நகை அடகில் இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். எத்தனையோ பேர் கேட்க வெட்கப்பட்டுத்தான் எடுத்தார்கள்.

பக்கத்து வீட்டு இந்து உறவினர் "உங்க வேதக்காரங்க இவ்வளவுதானா?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்ல?

"ஆமா மாமா, அவர் செஞ்சது தப்புதான்." இதற்கு மேல் முதல் நாளில் ஒன்றும் வேண்டாம். "அவர் உண்மையான கிறிஸ்தவரே இல்லை" என்று அவசரமாக வெட்டிவிடாதீர்கள். நேற்று வரை "எங்க மூப்பர்" என்று நாம் சொன்னது அந்த மாமாவுக்கும் கேட்டிருக்கும்.

இந்தக் கேள்வி மலையகத்தில் புதிதும் இல்லை. 1854இல் தமிழ் கூலி மிஷன் தொடங்கியபோது திருநெல்வேலிப் பக்கத்து உபதேசிமார் கோப்பித் தோட்டங்களுக்குள் நடந்து போதித்தார்கள். அதற்கு வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரும் பணம் கொடுத்தார்கள். டிக்கோயாவில் 1878இல் கட்டிய வோர்லி தேவாலயத்தைப் போல அவர்கள் தங்களுக்குக் கட்டிக்கொண்ட கோவில்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கிருபையைப் பற்றிப் பாடினார்கள். திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்த நம் பாட்டிமாருக்கு அவர்களுடைய தோட்டங்களில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அந்தப் பாட்டிமாரில் சிலர் அப்படியிருந்தும் இயேசுவை ஏற்றுக்கொண்டார்கள். துரையின் வாழ்க்கையைப் பார்த்து ஏற்றுக்கொண்டிருக்க முடியாது. மழையில் நனைந்து லயத்துக்கு வந்து காய்ச்சல்காரன் பக்கத்தில் உட்கார்ந்த உபதேசியாரைப் பார்த்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

ஊவாவின் புத்தலையில் 1980இலிருந்து ஏழைப் பௌத்த விவசாயிகளோடு வாழ்ந்தவர் மைக்கல் ரொட்ரிகோ அடிகளார். யாரையும் மதம் மாற்றப் போனவர் அல்ல. அவர்கள் நடுவில் ஒருவராக இருக்கப் போனவர். 1987 நவம்பர் 10ஆம் திகதி திருப்பலி வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கிறிஸ்தவர்களைப் பற்றிக் கசப்பாகப் பேசுகிறவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. கேட்க மனமிருந்தால் அவரைப் பற்றிச் சொல்வேன், இல்லாவிட்டால் அவர்கள் வீட்டுச் சாவுக்கும் கல்யாணத்துக்கும் போய் வேலை செய்வேன்.

எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரே விழுந்துவிட்டார். என் ஞானஸ்நானம் செல்லுமா?

செல்லும். இது மிகப் பழைய கேள்வி. 303இல் தொடங்கிய ரோம அரசின் துன்புறுத்தலில் சில ஆயர்கள் பயந்து வேதாகமப் பிரதிகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். அப்படிப்பட்டவர் கையால் பெற்றது செல்லாது என்று வட ஆபிரிக்காவில் தொனாத்தியர் பிரிந்துபோனார்கள். கொடுக்கிறவர் கிறிஸ்து, மனிதர் வெறும் கை என்ற கருத்தில் அகுஸ்தீனார் பதில் சொன்னார். அங்கிலிக்கன் சபையின் 39 பிரமாணங்களில் 26ஆவதும் இதையேதான் சொல்கிறது. கத்தோலிக்கரும் இதில் ஒத்துப்போகிறார்கள்.

உங்கள் மனம் உடைந்திருப்பது வேறு விசயம். அதற்கு நாளாகும். அழுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் வந்த படத்தையோ குரல் பதிவையோ உண்மையென்று தெரிந்தால் அனுப்பலாமா?

வேண்டாம். அழித்துவிடுங்கள். யாருக்காவது ஆபத்து என்று காட்டுவதாக இருந்தால், அதற்குப் பொறுப்பானவரிடம் மட்டும் காட்டுங்கள்.

மனந்திரும்பி வந்தவரை மறுபடி பழைய பொறுப்பில் வைக்கலாமா?

மன்னிப்பு அன்றைக்கே கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். கொரிந்துவில் தண்டிக்கப்பட்டவர் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகக் கூடாது, அவருக்கு உங்கள் அன்பைக் காட்டுங்கள் என்று பவுல் கெஞ்சுகிறார் (2 கொரிந்தியர் 2:7-8). பொறுப்பு என்பது வேறு. கவ்வாத்து வெட்டிய மலையில் மறுநாளே கூடையோடு யாரும் இறங்குவதில்லை. தளிர் வந்து வளர மாதக்கணக்கில் விட்டுவைப்பார்கள். செடிமேல் உள்ள கோபத்தில் அல்ல, செடி பிழைக்க வேண்டுமென்றுதான்.

பயணத்தின் நடுவில் விட்டுப்போன மாற்குவைப் பவுல் மறுபடி கூட்டிக்கொண்டுபோக மறுத்தார், பர்னபா கூட்டிக்கொண்டுபோனார். அந்தச் சண்டையில் இரண்டு நல்ல மனிதர்கள் பிரிந்தார்கள். வயதான காலத்தில் பவுலே "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா" என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:11). நான் முன்பு பவுல் பக்கம் நின்று அந்தச் சண்டையை வாசித்தேன். இப்போது பர்னபாவைத்தான் தேடுகிறேன். ஒன்று மட்டும்: பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தவரைப் பிள்ளைகள் பக்கத்தில் மறுபடி ஒருபோதும் விடக் கூடாது.

விழுந்தது நான்தான். திரும்பிச் சபைக்குப் போகக் கால் வரவில்லை.

நுவரெலியாப் பக்கம் தை மாசிக் குளிரில் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருப்பீர்கள்தானே. பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் அப்படிப்பட்ட ஒரு கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு நின்றபோதுதான் பேதுரு இயேசுவை மறுதலித்தார் (யோவான் 18:18). சில நாட்கள் கழித்து, திபேரியாக் கடற்கரையில் அவர் கரையேறும்போது இயேசு ஒரு நெருப்புப் போட்டு வைத்திருக்கிறார். அதுவும் கரிநெருப்பு என்று யோவான் எழுதுகிறார் (21:9). அந்தப் புகை மூக்கில் பட்டதும் பேதுருவுக்கு எது ஞாபகம் வந்திருக்கும்? ஆனால் இந்த நெருப்பில் மீன் இருக்கிறது, அப்பம் இருக்கிறது. இயேசு "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார். "என்னை நேசிக்கிறாயா" என்ற கேள்வி சாப்பிட்ட பிறகுதான் வருகிறது.

நான் மேலே சொன்ன அந்தப் பாடகர் நான்கு வருடம் கழித்து ஒரு மார்கழி ஞாயிறு வந்தார். பிந்தி வந்து கடைசி வாங்கில், கதவுப் பக்கம் உட்கார்ந்தார். பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லிவைக்கவும் இல்லை. அவருக்கு முன் வாங்கில் இருந்த பாட்டி மட்டும், பக்கம் மூடாமல் விரலை வைத்துக்கொண்டு, தன் பாட்டுப் புத்தகத்தைத் தோளுக்கு மேலே பின்னால் நீட்டினார். அவருக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். வாங்கிக்கொண்டார்.